விலாவில் இருந்த வெட்டுத் தழும்பு

ஊர் ஊராகப் போய் அறுப்பு அறுத்துப் பிழைத்தவன் நான். ஒரு குறுவை சமயம் குத்தாலம் பக்கத்தில் உள்ளூர் ஆட்கள் கூடுதல் கூலி கேட்டு வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார் லாரியில் கொண்டுவந்த வெளியூர் ஆட்களில் நானும் ஒருவன். அந்தத் தகராறில் என் விலாவில் அரிவாள் வெட்டு விழுந்தது.

கல்யாணமான பின், எனக்கு ஏதாவது ஆனால் மனைவிக்கு உதவட்டும் என்று ஆயுள் காப்பீடு எடுக்கப் போனேன். ஏஜெண்டே தழும்பு வந்த கதையையும் கேட்டுப் படிவத்தை நிரப்பி, படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்.

"டாக்டர் தழும்பைக் கேட்டா மாடு முட்டிச்சுன்னு சொல்லுங்க. அப்படித்தான் எழுதியிருக்கேன். வெட்டுக்குத்துன்னா பாலிசி கிடைக்காது" என்றார்.

கும்பகோணத்தில் காப்பீட்டுக்கு உடம்பைச் சோதிக்கும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் மாட்டைச் சொன்னேன்.

"எந்த மாடுய்யா இவ்வளவு நேரா கோடு போடுது?" என்றார்.

உண்மையைச் சொன்னால் பாலிசி போய்விடும். அடுத்தவன் கூலியைக் கெடுக்கப் போனவன் என்பதும் தெரிந்துவிடும். கதவுக்கு வெளியே ஏஜெண்டு இருமுவது கேட்டது.

"பொய் எழுதிட்டுச் செத்தீங்கன்னா, பணம் வராம சம்சாரம்தான் ஆபீஸ் ஆபீஸா அலையணும்" என்றார் டாக்டர்.

சொல்லிவிட்டேன்.

"ஆறிப்போன காயம், இதனால பாலிசி ஒண்ணும் நிக்காது. வேற படிவம் எழுதிட்டு வாங்க" என்றார். பாலிசியும் வந்தது.

இப்போது யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கடைசி வரி வரை படித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுகிறேன்.