வான்கோழிக்கு மறு ஏலம்

கடவுள் எனக்குக் கொடுத்த தாலந்து ஒன்றே ஒன்றுதான்: மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டை. அதைப் பாட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். பாடகர் குழுவில் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். ஜெபத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தேன், கைக்குழந்தைகள் அலறின. கடைசியில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குத்தான் அது பொருந்திப் போயிற்று. இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் சபையில் ஏலம் போடுகிறவன் நான்.

அந்தப் பண்டிகையில் சபையார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டு வருவார்கள். வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, காலைக் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் மாமரத்தடியில் எல்லாம் ஏலத்துக்கு வரும். அங்கே நடப்பது சந்தை விலை அல்ல, கௌரவத்தின் விலை. பெரிய மனிதர்கள் ஏலம் எடுத்தால் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பணத்தையும் கொடுத்து, பொருளையும் "மறு ஏலத்துக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒரே தேங்காய் ஏழு கை மாறியதை நான் கண்டிருக்கிறேன். ஏழாவது ஆள் அதைத் துவையலுக்குக் கொண்டுபோக வெட்கப்பட்டு ஆலயப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சாதாரண ஜனங்கள் அப்படியில்லை. எடுத்ததைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களை உசுப்பேற்ற நான் ஒரு வசனம் வைத்திருக்கிறேன்: "எடுத்தவிய கையோட கொண்டு போலாம், இண்ணைக்கே கூட்டான் வச்சிரலாம்!" கூட்டான் என்றால் எங்கள் பக்கத்தில் குழம்பு. சேவலைத் தூக்கிப் பிடித்து இதைச் சொன்னால் விலை எகிறும். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அந்த வசனம் என்னைக் கேட்காமலே வெளியே வரப் பழகிவிட்டது. வினை அங்கேதான் இருந்தது.

திருவட்டாறு தாண்டி மலைப்பக்கம் போகிற சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பூங்கா இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'உயிரியல் மற்றும் தாவரவியல் பூங்கா' என்று போட்டிருக்கும். பலகையைப் பார்த்துவிட்டுச் சிங்கத்தை எதிர்பார்த்து உள்ளே வருகிற பிள்ளைகள் நான்கு முயல், ஐந்தாறு தாரா, கனைக்கச் சோம்பல்படும் ஒரு மட்டக்குதிரை, ஒரு வான்கோழி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்லயே உண்டும்" என்பார்கள். தாரா என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு வாத்து.

தாவரவியல் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கும். கிராம்பு, ஜாதிக்காய், வாழையில் மட்டும் மட்டி, ஏத்தன், செந்துளுவன் என்று ஒரு நீண்ட வரிசை. செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தவன் அடியேன். நல்லமிளகுக் கொடிக்கு வைக்கவேண்டிய பலகையை வெற்றிலைக் கொடிக்கு வைத்துவிட்டேன். ஒரு கல்லூரியின் மாணவர் கூட்டம் முழுக்க அதை நோட்டில் குறித்துக்கொண்டு போனது. அவர்களில் யாராவது பின்னாளில் பேராசிரியர் ஆகியிருந்தால் என்னை மன்னிக்கவேண்டும்.

பூங்காவைக் கவனித்துக்கொள்ள ஒரே ஊழியர். எல்லோருக்கும் அவர் அக்கா; அவரைவிட மூத்த எனக்கும் அக்கா. நாஞ்சில்நாட்டு வயல்கிராமத்தில் பிறந்து இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். சைவக் குடும்பம். தாரா முட்டை உடைந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தரையைக் கழுவுவார். ஆனால் அந்த வான்கோழி அவர் பின்னாலேயே திரியும். முன்பு யாரோ ஒருவர் கிறிஸ்மஸுக்கென்று வாங்கி, அறுக்க மனம் வராமல் பூங்கா கேட்டில் கட்டிவிட்டுப் போன குஞ்சு அது. அக்கா அதற்குக் கையால் சோறு ஊட்டி வளர்த்தார். அவர் வாழைக்குத் தண்ணீர் விட்டால் அது பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கும். பூங்காக் குழுவின் தலைவர் வந்தால் மட்டும் கழுத்துச் சதை சிவக்க, சிறகை விரித்துக்கொண்டு எதிரே போகும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு.

ஐப்பசி மழையில் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்து, பறவைக்கூட்டின் வலையும் கிழிந்தது. நிதி திரட்ட ஒரு மாலை விருந்து வைப்பதென்று குழு கூடி முடிவு செய்தது. தலைவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இணையத்தில் வெளிநாட்டுப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு மிருகத்தையும் ஒரு வருஷத்துக்குத் தத்துக் கொடுப்பது. எடுக்கிறவர் பெயர் கூட்டின் பலகையில் இருக்கும், மிருகம் பூங்காவிலேயே இருக்கும். ஏலம் போட என் தொண்டையை இலவசமாகக் கேட்டார்கள்.

டிசம்பர் பிறந்திருந்தது. விருந்தன்று சாயங்காலம் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். பின்னால் வான்கோழி.

"அண்ணாச்சி, ஒரு சங்கதி கேக்கணும். இதுகள ஆராவது தூக்கிட்டுப் போயிருவாவளா?"

"எங்க அக்கா தூக்கிட்டுப் போறது? பேரு மட்டுந்தான் அவியளுக்கு. கோழி ஒங்களுக்கு."

"கிறிஸ்மஸ் வருகுல்லா. அதாக்கும் பயம்."

"நான் நிக்கும்போ எவனாவது இதத் தொடுவானா? என் வாக்கு."

வாக்குக் கொடுத்த வாய் எது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் மனைவி யோசித்திருப்பாள். கிளம்பும்போதே, "எழுதி வச்சதப் படிச்சிட்டு எறங்குங்கோ. சொந்தமா ஒண்ணும் பேசாதீங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

விழா எல்லா விழாக்களையும் போலவே தாமதமாகத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினார்கள். மேடையில் இருந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்களுக்கு வேறு சிலர் போர்த்தினார்கள். அன்று பொன்னாடைக்குச் செலவழித்ததில் பாதிச் சுவர் கட்டியிருக்கலாம். சிறப்பு விருந்தினர் இயற்கையைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேசும்போது வாகாக இருக்கட்டும் என்று அவர் பிடித்துப் பிடித்து வளைத்துக்கொண்டிருந்தது, நாங்கள் எங்கெங்கோ அலைந்து கொண்டுவந்து நட்ட அபூர்வமான ஒரு மூலிகைக் கன்று. பேச்சு முடியும்போது கன்றும் முடிந்துவிட்டது. கை தட்டினோம்.

பிறகு ஏலம். முதலில் செடிகள். மட்டி வாழைக்கன்று, ஜாதிக்காய் ஒட்டு, கிராம்பு. இவற்றை எடுத்தவர்கள் உண்மையிலேயே கொண்டுபோகலாம். நானும் தாராளமாக, "எடுத்தவிய கையோட கொண்டு போலாம்" என்று முழங்கினேன். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கு ஏறிவிட்டது. எழுதி வைத்திருந்த காகிதத்தை, தத்து விதிமுறைகளோடு சேர்த்து மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன்.

அடுத்து வான்கோழி. அக்கா அதை இடுப்பில் தூக்கிவந்து மேடையோரம் நின்றார். நான் கையை உயர்த்தினேன். அறுப்பின் பண்டிகைச் சேவல்கள் எல்லாம் என் தொண்டைக்குள் வந்து நின்றன.

"நல்ல கொழுத்த சாதனமாக்கும்! கிறிஸ்மஸ் பக்கத்துல வந்தாச்சி! எடுத்தவிய கையோட கொண்டு போலாம், இண்ணைக்கே கூட்டான் வச்சிரலாம்!"

சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கை தூக்கினார்கள். விலை ஏற ஏற, நம் ஊர் மனிதர்களுக்கு உயிர்கள்மேல் இவ்வளவு கருணையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் கீழே இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கடைசியில் எடுத்தவர் எங்கள் சபைக்காரர். முப்பது வருஷம் வளைகுடாவில் இருந்து சம்பாதித்து வந்து, ஊரில் லிஃப்ட் வைத்து வீடு கட்டியவர். மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் பந்தலே கை தட்டியது. அவர் எழுந்து காருக்குப் போய் ஒரு சாக்கோடு திரும்பி வந்தார்.

"அக்கா, அதுக்க ரெண்டு காலையும் சேத்துப் பிடியுங்கோ" என்றார்.

அக்கா கோழியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் இறங்கி ஓடினேன். "சாரே, இது தத்தாக்கும். பேரு மட்டும் போடுவோம். கோழி இங்கயே நிக்கும்."

"பேரையா கூட்டான் வைக்க? நீருதான வேய் மைக்குல சொன்னீரு?"

"அது ஒரு ஓட்டத்துல வந்துட்டு."

"ஓட்டத்துல வந்துட்டா? வீட்ல போன் பண்ணி மசாலா அரைக்கச் சொல்லியாச்சி. மிக்ஸி ஓடுகு. இனி நான் என்னத்தச் சொல்ல?"

தலைவர் நடுவே வந்தார். விதிமுறையை எடுத்துச் சொல்வார் என்று நம்பினேன். அவர் என் காதில், "பெரிய தொகை. விடுங்க. வேற ஒரு வான்கோழி வாங்கிக்கலாம்" என்றார். உயிரியல் பூங்காவின் தலைவர் சொன்ன வார்த்தை இது. இதை நான் மிகைப்படுத்தவில்லை.

சாக்கின் வாய் விரிந்தது. அக்கா ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நியாயம் பேச நேரமில்லை. எனக்கு அது வரவும் வராது. வருவது ஒன்றுதான். மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் ஒண்ணு கை தட்டணும்! நம்ம சார் எப்பவும் போல, எடுத்த பொருள வீட்டுக்குக் கொண்டு போக மனசில்லாம, மறு ஏலத்துக்கே திருப்பிக் குடுத்துட்டாவ!"

பந்தலில் பாதிப்பேர் எங்கள் பக்கத்துச் சபைக்காரர்கள். மறு ஏலம் என்றால் என்ன, யார் அதைச் செய்வார்கள் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் சாக்கும் கையுமாக நின்றார். இத்தனை கைதட்டலுக்கு நடுவே கோழியைச் சாக்கில் திணிக்கிற தைரியம் இந்த ஜில்லாவில் எவனுக்கும் கிடையாது. சாக்கை மெதுவாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்தபோது உதடு மட்டும் அசைந்தது. அது தோத்திர வார்த்தை அல்ல.

"வான்கோழி, மறு ஏலம்!" என்றேன். இப்போது விதிமுறையைப் படிக்கவேண்டும் என்று பாக்கெட்டில் கையை விட்டேன். அதற்குள் மேடையோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐநூறு ரூவா."

அக்கா. கோழியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறுகையைத் தூக்கியிருந்தார். வளைகுடாக்காரரின் கை பழக்கத்தில் மேலே போயிற்று. அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். வளைகுடாக்காரர் தூக்கிய கையால் தன் தலையைச் சொறிந்துகொண்டார். தலைவர் முன்வரிசையில் இருந்து, ஏத்து, ஏத்து என்று எனக்குச் சைகை காட்டினார். இருபது வருஷ ஏல வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். அக்கா கோழியோடு கூட்டின் பக்கம் போகாமல் ஸ்கூட்டர் பக்கம் போனார்.

தலைவர் ஓடினார். "அக்கா, எங்க போறீங்க? அது பூங்கா சொத்து!"

"இவரில்லியா சொன்னாரு, எடுத்தவிய கையோட கொண்டு போலாம்ணு?" அக்கா என்னைக் காட்டினார். "மைக்குல ரெண்டு மட்டம் சொன்னாரு. இனி இல்லேன்னு சொல்லுவாரா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன். அக்கா கோழியை ஸ்கூட்டரின் முன்பக்கக் கூடையில் உட்கார வைத்து, துண்டால் சுற்றிக் கட்டினார். தலைவரைத் தாண்டும்போது அது சிறகை விரிக்கப் பார்த்தது. இடமில்லை. கழுத்தை மட்டும் சிவக்க வைத்துக்கொண்டு போயிற்று.

மீதி ஏலத்தை விதிமுறையைப் படித்துவிட்டுத்தான் நடத்தினேன். கையோடு கொண்டுபோக முடியாது என்று தெளிவானதும் பந்தலின் கருணை வற்றிவிட்டது. முயலுக்கு ஆளில்லை. தாராவுக்கு ஒருவர் கை தூக்கி, "முட்டையாவது தருவியளா?" என்று கேட்டு, இல்லை என்றதும் இறக்கிக்கொண்டார். மட்டக்குதிரையை நானே எடுத்தேன். ஏலக்காரன் முதல் விலை சொல்லித் தொடங்கி வைப்பது எங்கள் வழக்கம். அன்று எனக்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. சுவரும் வலையும் வளைகுடாக்காரர் பணத்தில்தான் எழுந்தன. அவருக்குக் கிடைத்தது ஒரு பொன்னாடை. அதை அந்த மசாலாவோடு என்ன செய்தார் என்று கேட்க, சபையில் அவர் உட்காரும் பெஞ்சுப் பக்கமே நான் இன்னும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பூங்காவுக்குப் போனேன். காலை ஒன்பது மணிக்கு அக்காவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கூடையிலிருந்து வான்கோழி இறங்கி, சிறகை உதறிக்கொண்டு வேலைக்குப் போயிற்று. சாயங்காலம் ஐந்துக்கு அக்காவோடு திரும்பிவிடுமாம். கூட்டுப் பலகையில் நேரம் எழுதித் தரும்படி தலைவர் என்னிடமே சொன்னார். எழுதிக் கொடுத்தேன், இந்த முறை சரியான கூட்டில் வைத்தேன். எங்கள் பூங்காவில் வேலைநேரம் உள்ள ஒரே ஜீவன் அதுதான்.

"அக்கா, இனி ஒருத்தரும் தொடமாட்டாவ. வலையும் புதுசு போட்டாச்சி. ராத்திரி இங்கயே விடலாம்லா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

அக்கா ஹோஸ் பைப்பை மட்டி வாழையடியில் போட்டுவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"விடலாம் அண்ணாச்சி. கிறிஸ்மஸ் கழியட்டு. பொறவு ஈஸ்டர் வரும், அதும் கழியட்டு. பொறவு ஒங்க அறுப்பின் பண்டிகை உண்டுல்லா?"

பக்கத்தில் நின்ற வான்கோழி என்னைப் பார்த்து மெல்லச் சிறகை விரித்தது. அதுவரை தலைவருக்கு மட்டும் காட்டிவந்த மரியாதை அது.