ஞாயிற்றுக்கிழமை தொடாத ஸ்பானர்

ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்துப் புத்தூரில் பெண்ணெடுத்த மெக்கானிக் அவர். வெயிலில் சிவந்த கழுத்து, ஆறு நாளும் எண்ணெய்க் கை. ஞாயிறு மட்டும் ஸ்பானரைத் தொடமாட்டார். தேவாலயம், பிள்ளைகள், அவ்வளவுதான். உடும்புப் பிடி.

ஒரு ஞாயிறு என் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின் நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

“நாளைக்கு வாறன், தம்பி.”

“அதுக்குள்ளை வெங்காயம் கருகிப்போம், அண்ணை.”

பின்னேரம் அவரே தன் மனைவி, மூன்று பிள்ளைகளோடு வாளிகள் கொண்டுவந்தார். பொழுதுபடும்வரை கிணற்றில் அள்ளி வெங்காயப் பாத்திகளுக்கு ஊற்றினார்கள்.

“அஞ்சு நிமிச வேலைக்கு இவ்வளவு பாடோ? வாளி தூக்கிறது வேலையில்லையோ?” என்று எரிந்து விழுந்தேன்.

“ஸ்பானர் என்ரை தொழில். இது அயலுக்குச் செய்யிற உதவி. கதையாமல் ஊத்தும்.”

திங்கள் விடிய வந்து திருத்தினார். ஐந்து நிமிடம்தான் எடுத்தது.

அவர் இப்போது இல்லை. அன்று பிழைத்த வெங்காயத்தின் விதையைத்தான் இன்றும் நடுகிறேன். எரிச்சல் மட்டும் தீரவில்லை.