வளைவில் அழுத்தாத பொத்தான்

சென்ற ஆண்டு அடைமழை ஓய்ந்த சமயம். மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை எனக்கு.

எங்கள் பள்ளத்தில் கைப்பேசி எடுக்காது. அதனால் மண்டோர்களுக்கும் லோரி ஓட்டுநருக்கும் வாக்கி-டாக்கி கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த அன்றே விளக்கமும் சொன்னார்கள். வாயோடு ஒட்டிப் பிடிக்காதே, இரண்டு விரல் தள்ளிப் பிடி. ஏரியல் முகத்தில் படக்கூடாது. சுருக்கமாகப் பேசிவிட்டுப் பொத்தானை விட்டுவிடு. கடைசியாக, பாறைக்கு வெடி வைக்கும் இடத்தில் கருவியையே அணைத்துவிட வேண்டும், அதன் அலை பட்டு வெடி தானாகவே வெடிக்கலாம் என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். தேயிலைக் காட்டில் எவன் வெடி வைக்கப் போகிறான்?

லோரி ஓட்டுநர் ஒருவர்தான் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார். முப்பது வயதிருக்கும், எனக்குத் தம்பி முறை, என்னை அக்கா என்பார். அவர் கருவியைத் தள்ளிப் பிடித்துப் பேசுவதைப் பார்த்து எங்கள் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஏன் தம்பி, அது என்னா கடிக்குமா?"

"கடிக்காது லா. ஆனா மண்ட என்னுதாச்சே."

இன்னொன்றிலும் அவர் தவறுவதில்லை. தோட்டத்து ரோட்டில் ஒரு வண்டிதான் போகலாம். வளைவில் திரும்புமுன், 'லோரி மேல வருது' என்று வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். எதிரே வண்டி இருந்தால் ஒதுங்கும். மற்றவர்கள் மறப்பார்கள். அவர் மறந்ததே இல்லை.

மழையில் ஒரு பெரும்பாறை உருண்டு, அந்த வளைவுக்கு நேர் மேலே ரோட்டை அடைத்துக்கொண்டது. வெடி வைத்து உடைக்கக் குத்தகை ஆட்கள் வந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும்போதே, வெடித்து முடிந்த சங்கு ஊதும்வரை எல்லாக் கருவிகளையும் அணைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் லோரி ஓட்டுநர் அங்கே இல்லை. முந்தின நாளே லோரி பழுதுபார்க்கப் போயிருந்தது. சாயங்காலம்தான் வரும் என்றார்கள்.

பனி இன்னும் முழுதாக விலகவில்லை. என் ஆட்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு மேட்டில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் சிவப்புக் கொடியோடு. கீழே பாறைமேல் இரண்டு பேர் குனிந்து, துளைகளில் இறக்கிய வெடிமருந்துக்கு ஒயர் இணைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எங்கள் லோரியின் சத்தம் கேட்டது. நீண்ட நாள் பழக்கம். அந்த இருமலை எங்கிருந்தாலும் அறிவேன். மெயின் ரோட்டில் தடுப்புப் போட்டிருந்தார்கள். லோரி வந்தது திரிங்காப் ஊர்ப் பக்கமிருந்து காய்கறித் தோட்டங்கள் வழியாக வரும் மண்பாதையில். சேற்றில் எந்த வண்டியும் வராது என்று அங்கே யாரையும் நிறுத்தவில்லை. அந்தப் பாதை வந்து சேர்வது சரியாக அந்த வளைவில்.

என் கை இடுப்பிலிருந்த கருவிக்குப் போய்விட்டது. தொட்டதும் உறைந்தேன். கூப்பிட்டால் அவர் பதில் சொல்வார். பதில் சொல்லப் பொத்தானை அழுத்துவார். கூப்பிடாவிட்டாலும் வளைவில் அழுத்துவார். இந்தத் தோட்டத்தில் அதை மறக்கவே மறக்காத ஒரே ஆள் அவர்.

கொடிக்காரரிடம் பாதி வாக்கியம்தான் சொன்னேன். அவர் கத்திக்கொண்டே பாறைப் பக்கம் ஓடினார். நான் தேயிலை நிரைகளுக்கு நடுவே நேராகக் கீழே இறங்கினேன். ஓடினேன் என்பதைவிடச் சறுக்கினேன் என்பதே சரி. கிளைகள் கையைக் கிழித்தன. ஒரு காலணி எங்கோ போயிற்று. லோரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது, வளைவு வந்துவிட்டது.

கரையிலிருந்து ரோட்டில் குதித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. ஒரு கையில் வாக்கி-டாக்கி, வாய்க்கு இரண்டு விரல் தள்ளி. நான் வண்டிக்கு நேர் எதிரே நின்று இரு கைகளையும் விரித்தேன்.

மேட்டில் ஏறும் லோரியைச் சட்டென்று நிறுத்த இரண்டு கைகளும் வேண்டும். கருவி அவர் மடியில் விழுந்தது. பிரேக் கிறீச்சிட்டது. பம்பர் என் மழைச்சட்டையைத் தொட்டு நின்றது.

"ஏங்க்கா, சாவறதுக்கு என் லோரிதான் கெடச்சிச்சா?"

பக்கவாட்டுக்கு ஓடினேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கருவியைத் திருகி அணைத்தேன்.

"கல்லுல மருந்து வச்சிருக்காங்கடா."

அவர் மேலே பார்த்தார். பாறையிலிருந்து அந்த இரண்டு பேரும் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். என்ஜினை அணைத்தார். பிறகு மெதுவாக, "சொல்லித்தான் குடுத்தாங்க லா. நம்ம ரோட்டுல வெடி எங்கன்னு நானும்தான் சிரிச்சேன்" என்றார்.

பொத்தானை அழுத்தியிருந்தால் வெடித்திருக்குமா என்று குத்தகை ஆட்களின் தலைவரிடம் பிறகு கேட்டேன். இது சின்னக் கருவி, ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் அந்த ஒருவேளையின் மேல் என் ஆட்களைக் குனிந்து நிற்கச் சொல்ல மாட்டேன் என்று மலாயில் சொன்னார். அன்று மத்தியானம் முறைப்படி எச்சரிக்கைச் சங்கு ஊதி, பாறையை உடைத்தார்கள். மலையே ஒருமுறை குலுங்கியது. என் பெண்கள் கைதட்டினார்கள். அவர் மட்டும் என் தொலைந்த காலணியைத் தேடித் தேயிலைக்குள் அலைந்துகொண்டிருந்தார்.

இப்போதும் அவர் அந்த வளைவில் தவறாமல் கூப்பிடுகிறார், நானும் பதில் சொல்கிறேன். ஆனால் பொத்தானில் விரல் வைக்குமுன், நாம் எங்கே நிற்கிறோம் என்று ஒரு கணம் சுற்றிலும் பார்த்துக்கொள்ளும் பழக்கம், அந்தச் சரிவில் சறுக்கிய அன்றுதான் எங்கள் இருவருக்கும் வந்தது.