ரேஷன் கார்டில் ஒரே குடும்பம்

என் நெஞ்சில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னபோது எனக்குப் பயமே வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா எல்லாப் பிள்ளைகளையும் போலவே என் மார்பிலும் குழாயை வைத்தார். பிறகு மற்றவர்களை விட்டுவிட்டு என்னிடமே திரும்பத் திரும்ப வந்தார். தருமபுரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில் ஓட்டை உறுதியாயிற்று.

எவ்வளவு பெரிய ஓட்டை? நாவல்பழம் தின்றால் கொட்டை அதன் வழியாக விழுந்துவிடுமா? கேட்டுக் கேட்டு அம்மாவின் உயிரை வாங்கினேன். வகுப்பிலோ என் மவுசு ஏறிப்போயிற்று. சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் முறை வைத்து என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒருத்தி கடல் சத்தம் கேட்கிறது என்றாள். அவள் அரூரைத் தாண்டியதில்லை!

நானும் அம்மாவும் அப்போது மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு மஞ்சள் மண்டியில் கூலி வேலை. அப்பா எங்களை விட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போய் நான்கு வருஷமாகியிருந்தது. என்னை வளர்க்க மாசாமாசம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லியிருந்தும் அவர் ஒரு மாதம்கூடக் கொடுக்கவில்லை. மாமா வாயைத் திறந்தால் பாக்கி, வாரண்டு என்பார். வாரண்டு என்றால் போலீஸ் ஜீப்பில் அப்பாவை ஏற்றிவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அதனால் அது எப்போது வரும் என்று ஆவலாகக் காத்திருந்தேன். மாமாவும் ஆவலாகத்தான் இருந்தார், அவர் காரணம் வேறு.

ஆபரேஷனை ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு பைசா செலவில்லை. அட்டை வாங்க ரேஷன் கார்டு வேண்டும். அங்கேதான் வினை. கோர்ட்டில் எதிரெதிரே நின்ற அப்பாவும் அம்மாவும் ரேஷன் கார்டில் மட்டும் என்னையும் சேர்த்துக்கொண்டு ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தினார்கள். கார்டில் குடும்பத் தலைவர் அப்பா, கார்டும் அவர் கையில். எங்கள் பெயரை நீக்கிப் புதுக் கார்டு போடவும் அவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டாலும் கார்டு வர மாசக்கணக்காகும்.

அந்த வாரம் தாலுக்கா ஆபீஸில் காப்பீட்டு முகாம் நடந்தது. கார்டில் பெயருள்ள எல்லோரும் நேரில் வந்து, ஒன்றாக உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசினாள். பிறகு வந்து, "அப்பா வராரு" என்றாள். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அரூர் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தார். "நெஞ்சு வலிக்குதா பாப்பா?" என்று கேட்டார். வலிக்கவில்லை, ஆனாலும் மரியாதைக்கு ஆமாம் என்றேன்.

முகாமில் கேமரா வைத்திருந்தவன் எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தான். அம்மா ஒரு கோடியில், அப்பா மறுகோடியில், நான் நடுவில். "என்னாங்க, பஸ்ஸுல எடம் புடிக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க? நெருங்குங்க, படத்துல ஆளு வுட்டுப்போவுது" என்றான். அப்பா அம்மாவிடம், "சொல்ப இப்பிடி வா" என்றார். கொஞ்சம் என்பதற்குச் சொல்ப! பெங்களூர்க் கன்னடம் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா நகர்ந்தாள். இருவருடைய தோளும் என் இரண்டு பக்கமும் வந்து இடித்தன. அடடா, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம்! போட்டோவில் என் பல்லெல்லாம் தெரிகிறது.

வெளியே வந்தால் மாமா வண்டியோடு நிற்கிறார். அப்பா அவரைப் பார்க்காத மாதிரி அம்மாவிடம் சொன்னார்: "நான் சொன்னபடி வந்துட்டன். நீயும் சொன்னபடி செய்யி. வக்கீலு காத்துட்டிருக்காரு."

"என்னா சொன்ன நீ?" என்று மாமா அம்மாவைக் கேட்டார்.

"கேஸை வாபஸ் வாங்கிக்கிறன்னு சொன்னண்ணா."

மாமாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பைத்தியமா உனக்கு? மூணு வருசப் பாக்கி! வாரண்டு வர்ற நேரத்துல வுட்டுக்குடுக்கறியா? நாளைக்கி இவளை எதை வச்சிப் படிக்க வப்ப?"

"படிக்கிறதுக்கு மொதல்ல இவ இருக்கணும்ல" என்றாள் அம்மா. மாமா வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வக்கீல் அறையில் அம்மா நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள். அப்புறம்தான் அப்பா ரேஷன் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியிலும் அதைக் கேட்பார்களாம். எவ்வளவு நல்ல அப்பா, கேட்காமலே கொடுக்கிறாரே என்று நினைத்தேன். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இனிமே உங்ககிட்ட கேக்கறதுக்கு எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. போயிட்டு வாங்க" என்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வராத மனுஷன் வந்திருக்கிறார், பன் வாங்கித் தந்திருக்கிறார், கார்டு தந்திருக்கிறார். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடாமல் இப்படியா விரட்டுவது? பஸ்ஸில் வீடு வரும்வரை அம்மாவோடு பேசவில்லை. அவள் பக்கம்கூட உட்காரவில்லை, எதிர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அட்டை வந்தது. சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அப்பா வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை, அம்மா விரட்டியதால் கோபித்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன் அன்று காலை ஒரு நர்சம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். போட்டோவில் என் பல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பரவாயில்லியே, அட்டையெல்லாம் வச்சிருக்க. யாரு வாங்கிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா!" என்றேன். "இதுக்குன்னே பெங்களூருலருந்து வந்தாரு."

நர்சம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா என் சடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "ஆமாங்க, அவங்கப்பாதான்" என்றாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் போர்வைக்குள் முனகிக்கொண்டு கிடந்தான். அவனுக்கும் கேட்கட்டும், இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லு என்று அம்மாவை நச்சரித்தேன்.

அம்மா சத்தமாகவே சொன்னாள்.