திட்டியவர் சொல்லும் கதை

‘உன்னைத் திட்டியவராக மாறி ஒரு கதை எழுது.’ கையெழுத்துக்காக மகள் மேசையில் வைத்திருந்த கட்டுரைப் புத்தகத்தில் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். போன வாரம் கிள்ளான் ரயில் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து இறங்கியவளை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

இதே பயிற்சியை, நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பள்ளியில் படித்தபோது எங்கள் ஆசிரியையும் கொடுத்தார். டியூஷன் முடிந்து தோழி வீட்டில் தங்கிவிட்ட ஒரு மாலையை எழுத எடுத்துக்கொண்டேன். நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் எங்கும் மழை, நெத்திலிச் சம்பல் வாசனை. தெருமுனையில் அப்பா இரண்டு குடையோடு நின்றார்.

“வீடுன்னு ஒன்னு இருக்கறது ஞாபகம் இருக்கா ஒனக்கு?”

அப்பாவாக மாறி, பக்கம் முழுக்கக் கோபத்தையே எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையில் கேட்டிருந்தார்: ‘இரண்டாவது குடை எதற்கு?’ அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

மகளின் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினேன். மகள் நானாக எழுதியிருந்தாள்: ‘அவள் போன் எடுக்கவில்லை. ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் அவளுடையது. அப்படியே ஓடி வந்தேன்.’

அன்று அப்படியா போனேன்? எனக்கே தெரியாது!

“ஐயோ, படிச்சிட்டீங்களாம்மா?” ஒரு வாரமாகப் பேசாதவள் அறையிலிருந்து ஓடி வந்தாள்.

“படிச்சிட்டேன்லா!” என்று துள்ளினேன். “இன்னொரு தடவ நீயே வாசி.”