கடலில் நிற்கிறார்

கடலுக்குப் போகிறவர்கள் துவாயும் மாற்று உடுப்பும் கொண்டுபோவார்கள். நான் அவற்றோடு ஒரு படிவத்தின் நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

படிவம் என் மனைவியின் தமையனுடையது. மொன்ட்ரியாலில், தன்னைக் கசினோவுக்குள் விடவேண்டாம் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அதை நிரப்பியது நான். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோலச் சின்னப் புள்ளடி போட்டு நீட்டியதும் நான்தான். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் என்பதால் எங்கள் தேவாலயப் பங்கில் பாதிப் பேருடைய குடியுரிமையும் ஓய்வூதியமும் அந்தப் புள்ளடி வழியாகத்தான் நடந்தேறின.

மச்சான் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் அவருடைய பேத்தி. மச்சான் மொன்ட்ரியாலை அடுத்த கர்க்லாண்டில் மகளின் வீட்டில் இருக்கிறார், அவருடைய மனைவி காலமாகிவிட்டார். பேத்தியை கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மாலையில் போய்க் கூட்டிவருவதுதான் அவருடைய ஒரே உத்தியோகம். ஒருநாள் அவர் போகவில்லை. கசினோவில் ஒரு சூதாட்ட யந்திரத்தின் முன்னால், கைபேசியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை கோட்டும் சப்பாத்தும் போட்டபடி, மூடிய கார்டெரிக்குள் ஒரு ஆசிரியையோடு தனியே காத்திருந்தது. அன்றைக்கு மகள் சொன்னது ஒரே வசனம்: இன்னொரு தடவை என்றால் பிள்ளையை உங்களிடம் விடமாட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. இந்தக் கோடையில் அவரே கேட்டார்: "மச்சான், ஒருக்கா கடலைப் பாத்து, நண்டு சாப்பிட்டிட்டு வருவம். வேறை ஒண்டும் வேண்டாம்."

கடல் பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டியைத் தேர்ந்தவன் நான். வாரநாளில் அறை மலிவு, கார் நிறுத்துவது இலவசம், கடற்கரை வாசலில். இரத்துச் செய்யும் நிபந்தனைகளை அடிக்குறிப்பு வரை வாசித்தேன். கட்டடத்தின் வரைபடத்தை மட்டும் பார்க்கவில்லை. விடுதியின் கசினோ கீழ்த்தளத்தில் இருந்தது. மின்தூக்கிக்குப் போகிறவர்கள் அதற்குள்ளால்தான் நடக்கவேண்டும்.

எல்லையில் வரிசையில் நின்றபோது, கேட்கப்படாமலே ஒரு விளக்கமும் கொடுத்திருந்தேன்: ஒரு மாகாணத்தில் கொடுத்த படிவம் இன்னொரு நாட்டைக் கட்டுப்படுத்தாது. மச்சான் பின் இருக்கையில் இருந்து கவனமாகக் கேட்டார்.

மறுநாள் காலை நான், மனைவி, மச்சான் மூவரும் மணலில் நடந்தோம். கடற்கரையை ஒட்டி நீளமாகப் போகும் மரப்பலகை நடைபாதையில் ஒரு கடையில் உட்கார்ந்து நண்டுக்குச் சொன்னோம். "சேட்டு நனைஞ்சு போச்சு, மாத்திக்கொண்டு வாறன்" என்று மச்சான் எழுந்து போனார். நண்டு வந்தது. மச்சான் வரவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

அவரைத் தேடவேண்டியிருக்கவில்லை. மின்தூக்கிக்குப் போகும் வழியில் மூன்றாவது வரிசையில் இருந்தார். அதே நனைந்த சேட்டு.

"மச்சான், நண்டு வந்திட்டுது."

"ஓம் ஓம், இந்தா வாறன்."

"மகளுக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனீர்?"

திரும்பாமலே சொன்னார்: "அந்தக் கடுதாசி எல்லைக்கு இஞ்சாலை செல்லாது எண்டு நீர்தானே சொன்னனீர்."

நான் வரவேற்பு மேசைக்குப் போனேன். பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். அங்கிருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன மொழி என்று கேட்டாள். பிரெஞ்சு என்றேன். இங்கேயும் அப்படி ஒரு படிவம் இருக்கிறது, ஆனால் அவரே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், படமும் எடுப்போம் என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், அவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதைக்கூட உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றாள். மச்சான் அவளுக்குப் பின்னால் இருபது அடி தூரத்தில் தெரிந்தார்.

அந்த வசனத்தை முப்பத்தொரு வருடம் இரண்டு மொழிகளில், அழுதுகொண்டு வந்தவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

வெறும் படிவம் ஒன்று வாங்கி அங்கேயே நிரப்பினேன். அவருடைய பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். புள்ளடியும் போட்டு, பேனாவோடு யந்திரத்தின் விளிம்பில் வைத்தேன். "பேந்து பாப்பம், மச்சான்" என்று சொல்லி அதன்மேல் தன் கோப்பிக் குவளையை வைத்தார்.

குவளையைத் தூக்கிப் படிவத்தை எடுத்துக்கொண்டு நான் தனியே திரும்பிவந்ததைக் கண்டு மனைவிக்குக் கோபம்.

"கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறதுக்கென்ன?"

"அறுபத்தெட்டு வயசு ஆளை எப்பிடி இழுக்கிறது?"

"அப்ப உங்கடை இந்தப் படிவமெல்லாம் என்னத்துக்கு?"

பதில் சொல்ல முன்னர் அவளுடைய கைபேசி அடித்தது. மச்சானின் மகள்.

"மாமி, அப்பாவின்ர ஃபோன் ஓஃப். எங்க அவர்?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். கைபேசியை வாங்கி நானே சொல்லியிருக்கலாம். நான் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"கடலிலை நிக்கிறார், பிள்ளை. ஃபோன் நனைஞ்சிடும் எண்டு நிப்பாட்டி வைச்சிட்டார்" என்றாள்.

கடலில் யாரோ ஒருவருடைய பிள்ளைகளும் சில கடற்பறவைகளும்தான்.

நாலு மணியளவில் மச்சான் தானாகவே வந்தார். வென்றாரா தோற்றாரா என்று நாங்கள் கேட்கவில்லை. ஆறிப்போன நண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு மனைவி சொன்னாள்: "மகள் எடுத்தவள். நீங்கள் கடலிலை நிக்கிறியள் எண்டு சொன்னனான், அண்ணை."

 மச்சான் சப்பாத்தைக் கழற்றினார். கால்சட்டையை மடித்துவிட்டு மணலைத் தாண்டி நேரே தண்ணீருக்குள் போனார். முழங்கால்வரை போய், இடுப்புவரை போனபிறகுதான் திரும்பினார்.

"மச்சான், ஒரு படம் எடும்! பிள்ளைக்கு அனுப்புவம்!"

ஒரு அலை அவருடைய முதுகில் அடித்தது. கையை உயர்த்திச் சிரித்தார். நான் எடுத்தேன். நல்ல படம். அவருக்குப் பின்னால் கடலைத் தவிர ஒன்றும் இல்லை; கட்டடம் முழுவதும் எனக்குப் பின்னால் இருந்தது. மகள் உடனேயே மூன்று இதயங்கள் அனுப்பினாள்.

கையெழுத்தில்லாத அந்தப் படிவம் இப்போதும் என் காரில் இருக்கிறது. கோப்பி வட்டம் சரியாகப் புள்ளடியின்மேல் விழுந்திருக்கிறது.

திரும்பிவந்த பிறகு வந்த திங்கட்கிழமை, கார்டெரி மூடுவதற்கு அரை மணி நேரம் முன்னதாக எதிர்ப்பக்கத்தில் காரை நிறுத்தினேன். மச்சான் வந்தார். பேத்தி பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொல்ல, "ஓம், ஓம்" என்றபடி அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். என்னை அவர் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் வந்தார். நான் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவர் வராத ஒரு நாளில் என்ன செய்வேன் என்று காருக்குள் இருந்து யோசிப்பதுண்டு. பிள்ளையை ஒப்படைக்கக்கூடியவர்களின் பட்டியலில் இரண்டு பெயர்கள்தான்: மகள், மச்சான். எனக்குத் தெரியும். கார்டெரியின் அந்தப் படிவத்தை நிரப்பியதும் நான்தான்.