முத்தம்மாவுக்கு ஆகாத மருந்து

போன வாரம் குன்னூரில், நான் முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்திருந்தேன். சின்னப் பெண் ஒருத்தி வந்து என் மணிக்கட்டுப் பட்டையை ஸ்கேன் செய்துவிட்டு மாத்திரை கொடுத்தாள். அவள் ஸ்வெட்டரில் மழையில் நனைந்த கம்பளி வாசனை. அந்த வாசனை வந்தாலே எனக்கு ஸ்டெல்லாதான்.

என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள். ஜெகதளாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். மழைக்காலத்தில் அவள் ஸ்வெட்டர் காய்ந்து நான் பார்த்ததில்லை. வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது இருவருக்கும் ஒரே நாளில்தான் பயிற்சி. நான் மளமளவென்று அடிப்பேன். அதில் எனக்குக் கர்வம் வேறு. அவளோ ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடுவாள்.

ஒருநாள் மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து முத்தம்மா என்பவர் வந்தார். சிலோனிலிருந்து வந்த குடும்பம். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்ட காலுக்குக் கட்டு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பேச்சுவாக்கில், எப்போதோ ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சடைத்துப் போனதைச் சொன்னார். ஸ்டெல்லா விடவில்லை. அவர் பையிலிருந்த பழைய சீட்டை வாங்கி, மருந்தின் பெயரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்துவிட்டாள். வெளியே வரிசை நீண்டது.

"ஏனுங்க சிஸ்டர், கட்டுப் போட வந்தவங்களுக்கு இத்தனையா எழுதறது?" என்றேன்.

"செத்த இருங்க. போற எடத்துலெல்லாம் அவங்களே சொல்லிட்டிருக்க முடியுங்களா?"

இரண்டு வருஷம் கழித்து அதே முத்தம்மாவை நிமோனியாக் காய்ச்சலோடு, நினைவில்லாமல் எஸ்டேட் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். டிரைவருக்கு அவர் பெயரும் எஸ்டேட்டும் தவிர ஒன்றும் தெரியாது. எனக்கோ அந்த முகமே நினைவில்லை. டாக்டர் பென்சிலின் வகை ஊசி எழுதினார். தோலில் போட்டுப் பார்க்கும் சோதனை மருந்தை சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். போடுவதற்கு முன் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்பது விதி. முணுமுணுத்துக்கொண்டே பதிந்தேன்.

திரையில் சிவப்பாகக் கட்டம் ஒன்று எழுந்து நின்றது. பென்சிலின் ஆகாது, முன்பு மூச்சு அடைத்திருக்கிறது என்று. அடியில் ஸ்டெல்லாவின் பெயர்.

சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் மருந்தை மாற்றினார். ஐந்தாம் நாள் முத்தம்மா எழுந்து உட்கார்ந்து, "கொஞ்சம் தேத்தண்ணி தாறீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா அதற்குள் வேலையை விட்டுக் கோயமுத்தூர் போயிருந்தாள். போனில் சொன்னேன்.

"எந்த முத்தம்மாங்க? நெனப்பு வரலீங்களே" என்றாள்.

எழுதியவளே மறந்ததை, அந்தப் பெட்டி பத்திரமாக வைத்திருந்து, அந்த நொடியில் என் கையைப் பிடித்திருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் மலைப்புத்தான்.

ஒன்று மட்டும் போய்விட்டது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பெல்லாம் ஷிஃப்ட் மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று ஒவ்வொருவரைப் பற்றியும் வாயால் சொல்லித்தான் ஒப்படைப்போம். மகன் வராததால் சாப்பிடாதவர், ஜன்னலைச் சாத்தினால் தூங்காதவர் என்று எல்லாம் அதில் வரும். பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பார். நாங்கள் எதையாவது விட்டால், "நேத்து ரெண்டு இட்லி தின்னனுங்களே, அதைச் சொல்லலீங்க" என்று எடுத்துக்கொடுப்பார்.

இப்போது எல்லாம் திரையில் இருக்கிறது. ஷிஃப்ட் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது.